பின்கட்டிலிருந்து பள்ளிக்கூடத்திற்கு: சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் வாழ்வு

தாம்பரத்திற்குக் கிழக்கே, சேலையூரைக் கடந்து சென்றால் மாடம்பாக்கம் என்னும் ஊர் வரும். சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயிலும், அகன்ற ஏரியும் அவ்வூரின் பழமைக்குச் சான்றுகள். இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாகி, அடுக்குமாடிக் குடியிருப்புகளால் நிறைந்து விளங்கும் அவ்வூர், எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் வயல்களால் சூழப்பெற்ற சிற்றூராகவே இருந்தது. அச்சிற்றூரில் 1950-களில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என ஒரு நலவாழ்வு மையத்தைத் தோற்றுவித்தவர், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். ஓய்வுக்கு உரிய வயதில், மயிலாப்பூரில் வாழ்ந்த ஒருவர், பேருந்தும் அரிதாக இருந்த காலத்தில் இவ்வளவு தொலைவு வந்து பணிசெய்ய என்ன தேவை நேர்ந்தது? அதனை அறிய வேண்டுமெனின் அவருடைய பதினோராம் வயதிற்குத் திரும்பிச் செல்லுதல் வேண்டும். அவ்வம்மையார்தாம் சகோதரி சுப்புலட்சுமி.

பெண்மக்களுக்குக் கல்வி அளித்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. ஆதிநாதர் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும், மற்றொரு மகள் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது சமண மரபு போற்றிக் காக்கும் செய்தி. கழுகுமலைக் கல்வெட்டுகள், சமயம் கற்பித்த பெண் ஆசிரியர்களைக் குரத்தியர் என்னும் பெயரால் குறிக்கின்றன. எண்ணும் எழுத்தும் பெண்ணுக்கு உரியவை என்று உணர்ந்திருந்த நாட்டிலேதான், பின்னாளில் பெண் குழந்தையின் கையிலிருந்து ஏட்டைப் பறித்துப் பின்கட்டில் அமர்த்திய வழக்கமும் வேரூன்றியது. அவ்வேட்டை மீட்டுக் கொடுத்தவரின் வரலாறு இது.

பிறப்பும் இளமையும்

சுப்புலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர். தாயார் விசாலாட்சி அம்மாள். குடும்பத்தின் பூர்விகம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். மூத்த மகளாகப் பிறந்த சுப்புலட்சுமி இளமையிலேயே கூர்த்த அறிவுடையவராய் விளங்கினார். ஒன்பதாம் வயதில், நான்காம் வகுப்பிற்கென நடத்தப்பெற்ற அரசுத் தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். அக்காலத்தில் நம் தாம்பரமும் பல்லாவரமும் அம்மாவட்டத்தைச் சார்ந்தவையே. எனவே, இப்பகுதியின் கல்வி வரலாற்றில் ஒளிரும் முதற் பெயர்களுள் அச்சிறுமியின் பெயரும் ஒன்றெனல் மிகையாகாது.

ஆனால், அக்காலத்து வழக்கம் அறிவைக் கருதி எவருக்கும் விலக்களிக்கவில்லை. பெண் பூப்பெய்துமுன் மணம் முடித்தல் வேண்டும் என்பது குல ஒழுக்கமாகக் கருதப்பட்டது. பதினோரு வயதளவில் சுப்புலட்சுமிக்குத் திருமணம் நடந்தது. சிறிது காலத்திற்குள்ளேயே மணமகன் இறந்தான். மணவாழ்க்கை இன்னதென்று அறியாத சிறுமி கைம்பெண் ஆனாள்.

அந்நாளில் குழந்தைக் கைம்பெண் என்னும் நிலை எத்தகையது என்பதை இன்றைய இளையோர் அறிந்திருத்தல் அரிது. தலைமயிரைக் களைதல், ஒற்றை நிற ஆடை, ஒருவேளை உணவு, அணிகலன் இன்மை, மங்கல நிகழ்ச்சிகளில் முகங்காட்டாமை ஆகியவை அவளுக்கு விதிக்கப்பெற்றன. எதிரே வந்தால் தீநிமித்தம் என்று ஒதுக்கப்பெற்றாள். முதிர்ந்த பெண்டிரே தாங்குதற்கு அரிய இந்நோன்பைப் பாவையை வைத்து விளையாடும் பருவத்துப் பிள்ளை தாங்க வேண்டியிருந்தது. வீட்டின் முன்கட்டில் அவளுக்கு இடமில்லை. அடுப்பங்கரையும் கிணற்றடியும் பின்கட்டுமே அவள் உலகம். அவளை எவரும் அடிக்க வேண்டியதில்லை. இனி அவளுக்கு எதுவும் இல்லை என்று வீட்டார் அனைவரும் முடிவு செய்துவிட்டதே போதுமான தண்டனையாயிற்று.

இஃது ஓரிரு வீடுகளின் துயரமன்று. 1921-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்து காந்தியடிகள் தம் இதழில் வெளியிட்ட எண்ணிக்கை நெஞ்சை நடுங்கச் செய்வது. ஐந்து வயதிற்கு உட்பட்ட கைம்பெண்கள் 11,892 பேர்; ஐந்து முதல் பத்து வயதிற்கு உட்பட்டோர் 85,037 பேர்; பத்து முதல் பதினைந்து வயதிற்கு உட்பட்டோர் 2,32,147 பேர். ஆக, பதினைந்து வயது நிரம்பாத கைம்பெண்கள் மூன்று இலட்சத்து இருபத்தொன்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் இந்நாட்டில் இருந்தனர். பள்ளியில் இருக்க வேண்டிய குழந்தைகள் அவர்கள்.

தந்தை எடுத்த முடிவு

சுப்புலட்சுமியின் வாழ்வைத் திருப்பியது அவர்தம் தந்தை எடுத்த ஒரு முடிவு. மகளின் தலைமயிரைக் களையவும், அவளை மூலையில் அமர்த்தவும் அவர் இசையவில்லை. மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். உறவினர் பழித்தனர், ஊரார் புறம் பேசினர். அப்பழிச்சொற்களைப் பெற்றோர் இருவரும் தாங்கிக்கொண்டனர். ஒரு குழந்தையின் உரிமையைக் காக்கச் சட்டம் பிறப்பதற்கு முன்னர், முதலில் ஒரு வீட்டில் ஒருவர் ஊர்ப்பழியைத் தோளில் ஏற்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இக்குடும்பமே சான்று.

பின்னர்ச் சென்னை வேப்பேரியிலுள்ள பிரசன்டேசன் கான்வென்ட்டில் சுப்புலட்சுமி பயின்றார். அங்கே கற்பித்த கன்னியர் தம் வாழ்வு முழுவதையும் பிறர் குழந்தைகளுக்காக ஒப்படைத்திருந்த பாங்கு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தம் சமயத்திலும் ஒழுக்கத்திலும் சிறிதும் பிறழாமல், அத்தொண்டு நெறியை மட்டும் அவர் தமதாக்கிக் கொண்டார். அதன்பின் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆடவரே நிறைந்திருந்த அக்கல்லூரியில் ஓர் இளங்கைம்பெண் சென்று அமர்வது அந்நாளில் எத்துணை வியப்புக்கும் வசைக்கும் உரியதாய் இருந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம். 1911-ஆம் ஆண்டு முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்று வரலாறு அவரைக் குறிக்கின்றது.

பட்டம் பெற்ற அந்நாளில் அவர் தம் வாழ்வு மேம்பட்டதென்று அமைதியுற்றிருக்கலாம். ஆயின், தாம் தப்பியது தம் தந்தையின் துணிவால் என்பதை அவர் மறந்தாரல்லர். அத்தகைய தந்தை வாய்க்காத குழந்தைகளின் நிலை என்ன என்னும் வினாவே அவருடைய பிற்கால வாழ்வு முழுவதையும் இயக்கியது.

ஒரு முடிச்சில் இரு சிக்கல்கள்

அந்நாளைய பெண்கல்வியில் ஒரு பெருஞ்சிக்கல் இருந்தது. ஆண் ஆசிரியரிடம் வளர்ந்த பெண்களை அனுப்பப் பெற்றோர் இசையார். பெண் ஆசிரியரோ மிக அரியர். மணமான பெண்கள் வீட்டை விட்டு வெளியே சென்று பணிசெய்தல் வழக்கமில்லை. மணமாகாத பெண்களோ சிறுமியரைத் தவிர வேறு எவரும் இலர். ஆசிரியர் இல்லாமையால் பள்ளிகள் பெருகவில்லை. பள்ளிகள் பெருகாமையால் ஆசிரியராகத்தக்க பெண்கள் உருவாகவில்லை.

மறுபுறம், வாழ்நாள் முழுவதும் பயனின்றிக் கழிக்குமாறு விடப்பட்ட இளங்கைம்பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். இவ்விரு சிக்கல்களும் ஒன்றற்கொன்று விடையாகும் என்பதை உணர்ந்தவர் சுப்புலட்சுமி. பெண் பள்ளிகளை மேற்பார்வையிட்ட கல்வித்துறை அதிகாரியான கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையாரும் இவ்வெண்ணத்திற்கு உறுதுணையாக நின்றார். கைம்பெண்ணுக்குக் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும் அளித்தால், அவள் தன் உணவைத் தானே ஈட்டுவாள்; அவளால் நூறு குழந்தைகள் கற்பர். இரக்கத்தால் சோறிடும் விடுதியாக அன்றி, கற்றுத் தற்சார்புடன் வெளியேறும் வாயிலாக ஓர் இல்லம் அமைய வேண்டும் என்பது அவர் கருத்து.

1912-ஆம் ஆண்டு சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. அதே காலத்தில் எழும்பூரில் விரல்விட்டு எண்ணத்தக்க சில இளங்கைம்பெண்களுடன் இல்லமும் தொடங்கப்பெற்றது. அவ்வில்லத்தின் வீட்டுப் பொறுப்பை ஏற்றவர் சுப்புலட்சுமியின் சிற்றன்னையார் வாலாம்பாள் அம்மாள். அவரும் இளமையிலேயே கணவனை இழந்தவர். கல்லூரிப் பட்டம் பெற்ற சுப்புலட்சுமி வெளியுலகத்தோடு போராட, அச்சிற்றன்னையார் உள்ளே சமையலையும், பூசையையும், பிள்ளைகளின் நோய்நொடியையும் கவனித்தார். பொதுப்பணியின் வரலாற்றை எழுதும்போது வாசலில் நின்றவரையே நாம் போற்றுகிறோம். அடுக்களையில் நின்றவரைக் குறிப்பதில்லை. இருவரும் இன்றி அவ்வில்லம் நிலைத்திராது.

பிள்ளைகள் பெருகப் பெருக இடம் போதவில்லை. வாடகைக்கு வீடு கிடைப்பதோ எளிதன்று. கைம்பெண்கள் கூட்டமாக வாழும் வீட்டிற்கு அண்டை அயலார் முகம் சுளித்தனர். இந்நிலையில் கடற்கரையில் நின்ற ஐஸ் அவுஸ் என்னும் கட்டடம் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக எழுப்பப்பெற்ற கட்டடம் அது. 1897-இல் விவேகானந்தர் தங்கிச் சொற்பொழிவாற்றியதும் அங்கேதான். பின்னாளில் வெறுமையாய்க் கிடந்த அக்கட்டடத்தை அரசு பெற்று, 1917-இல் இல்லத்திற்கு அளித்தது. மூலையில் முடங்கியிருந்த சிறுமியர், கடற்காற்று வீசும் மாடத்தில் அமர்ந்து பாடம் படித்தனர். மாலையில் மணலில் ஓடி விளையாடினர். இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் கண்டு வணங்கிச் செல்லும் அக்கட்டடத்திற்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

உணவும், மருந்தும், அடைக்கலமும், கல்வியும் என நால்வகைத் தானங்களைச் சமண அறநூல்கள் கூறும். அவற்றுள் ஒன்றை அளிப்பவரே போற்றத்தக்கவர். நான்கினையும் ஒரே கூரையின்கீழ், அஞ்சி வந்த குழந்தைகளுக்கு அளித்த இடம் அவ்வில்லம்.

விட்டுக்கொடுத்ததும் விட்டுக்கொடாததும்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் குறைகளை மறைத்தல் முறையன்று. தொடக்கத்தில் அவ்வில்லம் அந்தணர் குலத்துக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாய் இருந்தது. மடியும் ஆசாரமும் அங்கே கண்டிப்பாகப் பேணப்பெற்றன. இதனைக் குறைகூறியோர் அந்நாளிலும் உண்டு, இந்நாளிலும் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. குழந்தையின் துயரத்திற்குக் குலம் இல்லையன்றோ?

ஆயினும், அம்மையார் ஏன் அவ்வாறு செய்தார் என்பதையும் நோக்குதல் வேண்டும். அச்சிறுமியரைத் தம் பொறுப்பில் வைத்திருந்தோர் ஆசாரத்தில் ஊறிய முதியோர். பிற குலத்தாருடன் உண்ணுமிடம் என்று அறிந்தால், ஒரு பிள்ளையையும் அவர்கள் அனுப்பியிரார். பிள்ளை பின்கட்டிலேயே இருந்திருப்பாள். எனவே, உணவிலும் உடையிலும் வழிபாட்டிலும் அம்மையார் பழைமைக்கு இடங்கொடுத்தார். பிள்ளையின் கல்வியில் மட்டும் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. தம் பணியின் மையமாக அவர் வைத்தது அக்கல்வியையே.

வட்டம் பின்னர் விரிந்தது. 1922-ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்றபோது அதன் முதல் முதல்வராகச் சுப்புலட்சுமி பொறுப்பேற்றார். பட்டம் பெற்றோர், நடுநிலைப் பள்ளி ஆசிரியராக விழைவோர், தொடக்கப் பள்ளி ஆசிரியராக விழைவோர் ஆகிய மூவகையினர்க்கும் அங்கே பயிற்சி அளிக்கப்பெற்றது. 1927-இல், வயது முதிர்ந்தபின் கற்க வரும் கைம்பெண்களுக்காகச் சாரதா வித்தியாலயம் தோன்றியது. அப்பள்ளி பிற்காலத்தில் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் தியாகராய நகரில் வளர்ந்து, பல்லாயிரம் பெண்மக்களுக்குக் கல்வி வழங்கி வருவதை நாம் அறிவோம். 1920-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது.

இவ்வில்லத்திலும் கல்லூரியிலும் பயின்றோர் ஆசிரியராகி மாகாணத்துப் பள்ளிகளுக்குச் சென்றனர். முன்பு எவர் முகத்தில் விழித்தலும் தீது எனக் கருதப்பட்டதோ, அவர் முகத்தை நோக்கியே வகுப்பறையில் குழந்தைகள் ஒவ்வொரு நாளும் வணக்கம் கூறின. ஒரு சமுதாயத்தின் மூடநம்பிக்கையை இதனினும் அமைதியாகவும் உறுதியாகவும் அகற்றுதல் இயலாது.

சட்டத்தின் வாயிலில்

ஒரு கைம்பெண் குழந்தைக்குக் கல்வி அளிப்பது நோய்க்கு மருந்து. குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதே நோய் வாராமற் காத்தல். இதனை அம்மையார் நன்கு உணர்ந்திருந்தார். ஆனால், அவர் அரசுப் பணியாளர். அடையாற்றில் 1917-இல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர அவருக்குத் தடை இருந்தது. எனினும் அச்சங்கத்தின் கூட்டத்தில் குழந்தைத் திருமணத்தை எதிர்த்துப் பேசினார். திருமண வயதை ஆராய 1928-இல் அமைக்கப்பெற்ற ஜோஷி குழுவின் முன்னிலையிலும் சான்றளித்தார். அறிஞர் பலர் நூல்களை ஆதாரம் காட்டி வாதிட்ட அவ்விவாதத்தில், தம் வாழ்வையே ஆதாரமாக வைத்துப் பேசத்தக்கவர் அவர்.

அதே 1886-ஆம் ஆண்டில் பிறந்தவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். சட்டமன்றத்தில் அமர்ந்து பெண் குழந்தைகளுக்காக வாதாடியதோடு, போக்கிடமற்ற சிறுமியர்க்கு அவ்வை இல்லம் கண்டவர் அவர். ஒருவர் மன்றத்தில் நின்றார். மற்றவர் பள்ளியில் நின்றார். சென்னையின் தென்பகுதி இவ்விருவராலும் பெருமையுற்றது.

ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929-இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என வயது வரையறுக்கப்பெற்றது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே மணம் முடித்துவிட வேண்டுமென்று நாடெங்கும் அவசரத் திருமணங்கள் நடைபெற்றன. சட்டம் ஒன்றே போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஆயினும் வழி திறந்துவிட்டது. 1949-இல் பெண்ணின் வயது பதினைந்தாயிற்று. 1978-இல் பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என உயர்ந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலுப்படுத்தியது. ஒரு குழந்தையின் குழந்தைமைக்கு நான்கு ஆண்டுகளைக் கூட்டுவதற்கு இந்நாட்டிற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஓய்வறியா முதுமை

அரசுப் பணியிலிருந்து விடுபட்டபின் அம்மையார் ஓய்ந்திருந்தாரல்லர். 1942-இல் மயிலாப்பூரில், இளமையில் கல்வி வாய்க்காத மகளிர்க்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் பள்ளிப் பணியிலும் தலைமையேற்று உழைத்தார். இன்றைய வித்யா மந்திர் பள்ளியின் தோற்றத்தில் அவர் பங்கு உண்டு. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினராக விளங்கினார்.

இக்காலத்தில்தான் மாடம்பாக்கம் அவரை அழைத்தது. தாம்பரம் அப்போது வளரத் தொடங்கியிருந்தது. 1928-இல் காசநோய் மருத்துவமனையும், 1931-இல் மின்சார இரயிலும், 1937-இல் கிறித்தவக் கல்லூரியும் வந்து அதனை நகராக்கின. ஆனால், இரயில் நிலையத்திலிருந்து சில கல் தொலைவிலிருந்த சிற்றூர்களில் மகப்பேற்றின்போது தாயும், பிறந்தபின் சேயும் போதிய கவனிப்பின்றி வாடுதல் இயல்பாயிருந்தது. உழைக்கும் தாயர் வயலுக்குச் செல்ல, குழந்தைகள் வரப்பிலும் தெருவிலும் கிடந்தன. அத்தகையதொரு சிற்றூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என அம்மையார் மையம் அமைத்தார். எழும்பூரில் ஒரு குலத்துக் குழந்தைகளோடு தொடங்கிய அவருடைய பணி, மாடம்பாக்கத்தில் ஊரின் குழந்தைகள் அனைவர்க்கும் உரியதாய் நிறைவெய்தியது. தொடக்கத்தின் குறையை முடிவு நிறைவு செய்தது எனலாம்.

1958-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1969-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். தமக்கென ஒரு குழந்தையும் இல்லாத அவரைத் தாயெனக் கருதியோர் தமிழகமெங்கும் இருந்தனர்.

நம் வீடுகளின் பின்கட்டு

குழந்தைக் கைம்பெண் என்னும் சொல்லே இன்று வழக்கொழிந்தது. மகிழ்ச்சிக்கு உரியதே. ஆனால், பின்கட்டு ஒழிந்துவிட்டதா?

யான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், வகுப்பில் நன்கு படித்த ஒரு மாணவியின் வீட்டிற்கு ஒருமுறை செல்ல நேர்ந்தது. தாயார் அன்புடன் வரவேற்றார். பேசிக்கொண்டிருக்கையில் உள்ளறையின் கதவு சிறிது திறந்தது. பதின்மூன்று வயதளவில் ஒரு பெண் தரையில் தவழ்ந்தவாறு எட்டிப் பார்த்தாள். மாணவியின் தமக்கை அவள். கால்கள் செயலற்றவள் என்பது பார்த்த அளவிலேயே விளங்கிற்று. ஆனால், கண்களில் அறிவின் ஒளி இருந்தது. தாயார் எழுந்து சென்று கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் வெட்கமும் துயரமும் கலந்திருந்தன. அப்பெண்ணை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்க நா எழுந்தது. பிறர் வீட்டுத் துயரத்தில் தலையிடலாகாது என்று எண்ணி அடங்கிற்று. அவர் அளித்த காப்பியை அருந்தித் திரும்பினேன். அவ்வாண்டே அக்குடும்பம் வேறு ஊர் சென்றுவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கதவு சாத்தப்பட்ட ஓசை என் செவியில் நீங்கவில்லை.

சுப்புலட்சுமி அம்மையாரின் வரலாற்றைப் பின்னர்க் கற்றபோதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று. அவரும் பிறர் வீட்டுத் துயரம் என்று திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை, உள்ளே இருந்த குழந்தைக்காக வாயிலில் நின்று வாதாடினார். பெற்றோரைப் பழிக்காமல், அவர்தம் அச்சத்தை அறிந்து, அவர்கள் இசையும் வழியைத் தேடினார். யான் கேட்காமல் விட்ட அவ்வொரு வினாவைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று கேட்பதற்குச் சட்டமும் துணையாக உள்ளது. ஆறு முதல் பதினான்கு வயது வரை அனைத்துக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்துள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஆம் ஆண்டு பிறந்தது. இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அது ஏற்றுள்ளது. சட்டம் வரையறுத்த அளவிற்குக் குறைபாடுடைய குழந்தைகள் பதினெட்டு வயது வரை கட்டணமின்றிக் கற்க உரிமையும் அளித்துள்ளது. நம் தென்சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் இயங்குகின்றது. இவையெல்லாம் கருணையால் இடப்படும் பிச்சையல்ல; அக்குழந்தைகளுக்கு உரிய பங்கு. ஆயினும் சட்டம் தெருவாயில் வரையில்தான் வரும். உள்ளறைக் கதவைத் தட்டுவதற்கு உறவினரோ, அண்டை வீட்டாரோ, ஆசிரியரோ ஒருவர் வேண்டும்.

இவ்விழா மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நும் தெருவில், நும் உறவில், உள்ளறையில் வைக்கப்பெற்ற குழந்தை ஒன்று உண்டா என்று எண்ணிப் பாருங்கள். உண்டெனின், அவ்வீட்டிற்குச் சென்று அக்குழந்தையின் பெயரைக் கேளுங்கள். எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள். விடை இல்லையெனின், பள்ளியைத் தேடுவதில் அப்பெற்றோர்க்குத் துணை நில்லுங்கள். சகோதரி சுப்புலட்சுமி அம்மையாருக்கு நாம் எடுக்கத்தக்க விழா அதுவே.